யார் இந்த அல்சைமர்? இறந்த பிறகே தெரிந்த நோய், இன்று ரத்தத்தில் தெரிவது எப்படி?

குடியாத்தத்தில் 40 வருஷம் தறி ஓட்டியவர் ஒருவர், ஒருநாள் தன் தெருவுக்கே வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? வயசாயிடுச்சு இல்லையா, மறதி சகஜம்தான் என்பார்கள். அதோட பேச்சு முடிஞ்சிடும்.

வீட்டில் மட்டும் சொல்கிற பதில் இல்லை இது. ஏறக்குறைய 60 வருஷம் உலக மருத்துவமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அது வெறும் வயசு இல்லை, மூளையில் நடக்கும் ஒரு நோய் என்பதற்கான ஆதாரத்தை 1906-லேயே ஒரு டாக்டர் மேடையேறிக் காட்டிவிட்டார். அவர் பெயர்தான் இன்று அந்த நோய்க்கும் பெயர்.

அல்சைமர் நோயை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம் என்ற செய்தியை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அது உண்மையா, யாருக்கு அது பயன்படும், வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் பதில் தெரிய வேண்டுமென்றால், அல்சைமர் என்ற மனிதரின் கதையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

காது மெழுகில் தொடங்கிய டாக்டர்

அலோய்ஸ் அல்சைமர் 1864 ஜூன் 14-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில், மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பத்திரப்பதிவு சார்ந்த சட்ட வேலை பார்த்தவர். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் அஷாஃபென்பர்க் நகருக்கு மாறியது.

பெர்லின், வூர்ட்ஸ்பர்க், ட்யூபிங்கன் என்று பல ஊர்களில் மருத்துவம் படித்தார். கல்லூரிக் காலத்தில் வாள் சண்டைச் சங்கத்தில் சேர்ந்து, முகத்தின் இடது பக்கம் வெட்டு வாங்கினார். தழும்பு கடைசிவரை இருந்தது. அவருடைய படங்கள் பெரும்பாலும் வலது பக்கம் தெரிகிற மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள்.

பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு மூளையைப் பற்றியது இல்லை. காதில் மெழுகு சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது! ஆனா அந்த ஆய்வு அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. அதுதான் நுண்ணோக்கி. உடம்பின் ஒரு துண்டை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் வேலையில் அவர் மனசு ஒட்டிக்கொண்டது.

கை கால் கட்டாத மனநல மருத்துவமனை

1888 டிசம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். கோட்டை மாதிரி பெரிய கட்டடம். ஊர்க்காரர்கள் அதைப் பைத்தியக்கார மாளிகை என்று கேலியாகக் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலத்தில் மனநோயாளிகளைக் கட்டிப்போடுவது சாதாரணம். ஃப்ராங்க்ஃபர்ட்டின் இயக்குநர் எமில் சியோலி அதை விரும்பவில்லை. கட்டுவதைக் குறைத்து, நோயாளிகளை வெந்நீர்த் தொட்டியில் நீண்ட நேரம் உட்கார வைப்பது, தோட்டத்தில் நடக்க விடுவது, உட்கார்ந்து பேசுவது என்று மாற்றினார். அல்சைமர் இதில் முழு மனசோடு இறங்கினார். பகலில் நோயாளிகளோடு பேச்சு, இரவில் நுண்ணோக்கி.

அடுத்த வருஷம் ஃபிரான்ஸ் நிஸ்ல் என்ற இன்னொரு டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். நிஸ்ல் கையில் ஒரு புதுக் கருவி இருந்தது. அது சாயம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கும், குடியாத்தத்தில் லுங்கி நூலுக்கு நிறம் ஏற்றியவர்களுக்கும் இது சட்டென்று புரியும். வெறும் தோலில் எல்லா இடமும் ஒரே மாதிரி தெரியும். சாயம் ஏற்றினால்தான் எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை, எங்கே கீறல் இருக்கிறது என்பது தெரிய வரும். மூளையும் அப்படித்தான். சாயம் இல்லாமல் பார்த்தால் அது வெளுத்த சதை மாதிரி தெரியும்.

19-ம் நூற்றாண்டு ஜெர்மனி, நிலக்கரித் தாரிலிருந்து அனிலின் சாயங்களைத் தயாரித்து உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. துணிக்கும் தோலுக்கும் நிறம் கொடுத்த அந்தக் குடும்பத்துச் சாயங்களை மூளைத் துண்டில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் நிஸ்ல். நரம்பு செல்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு வெள்ளி உப்பைக்கொண்டு நிறம் ஏற்றும் முறையும் வந்தது. அல்சைமரின் பெரிய கண்டுபிடிப்புக்கு இந்த வெள்ளிதான் வழி காட்டியது.

மனைவியின் மரணம், அதே வருஷம் ஒரு நோயாளி

1894-ல் செசிலி என்ற வசதியான விதவைப் பெண்ணை அல்சைமர் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். 1901 பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அல்சைமரின் சகோதரி வந்தார். அல்சைமர் தன்னை வேலைக்குள் புதைத்துக்கொண்டார்.

அதே வருஷம் நவம்பர் 25. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கார்ல் என்பவர், தன் மனைவியை ஃப்ராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்த்தார். மனைவியின் பெயர் ஆகஸ்டே டேட்டர். வயது 51.

அதுவரை வீட்டை ஒழுங்காக நடத்தி வந்த பெண். முதலில் வந்தது மறதிகூட இல்லை, சந்தேகம். கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்று காரணமே இல்லாமல் சண்டை போட்டார். அப்புறம் சமையலில் தவறு. பொருட்களை எங்காவது ஒளித்து வைத்துவிட்டுத் தேடுவார். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகப் பயம். ராத்திரியில் போர்வையை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பார், மணிக்கணக்கில் கத்துவார்.

சேர்த்த மறுநாள் அல்சைமர் அவர் முன்னால் உட்கார்ந்தார். பேரைக் கேட்டார், ஆகஸ்டே சரியாகச் சொன்னார். குடும்பப் பெயரைக் கேட்டார், அதற்கும் ஆகஸ்டே என்றே பதில். கணவர் பெயரைக் கேட்டபோதும் தன் பெயரையே சொன்னார். மதியம் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்று எழுதிவிட்டு மேலே என்ன எழுதுவது என்று மறந்து நின்றார். தான் தொலைந்துபோய்விட்டதாக அவரே சொல்லிக்கொண்டார்.

கேள்வி, பதில், கையெழுத்து என்று எல்லாவற்றையும் அல்சைமர் ஒரு வரி விடாமல் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் இதே அறிகுறியோடு 75 வயதுக்காரர் வந்திருந்தால், முதுமைத் தளர்ச்சி என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார்கள். ஆகஸ்டேவுக்கு வயசு 51. வயசு மேல் பழி போட முடியவில்லை. அதனால்தான் அல்சைமருக்குக் கேள்வி எழுந்தது.

கட்டணம் கட்ட முடியாத கணவர்

மருத்துவமனைச் செலவு கார்லுக்குத் தாங்கவில்லை. மனைவியைச் செலவு குறைந்த இடத்துக்கு மாற்றக் கேட்டார். அல்சைமர் விடவில்லை. ஆகஸ்டே ஃப்ராங்க்ஃபர்ட்டிலேயே இருக்கட்டும், இறந்த பிறகு மருத்துவக் குறிப்புகளும் மூளையும் தனக்கு வர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார் என்கிறது அவரது வாழ்க்கை வரலாறு. இன்றைய மருத்துவ ஒழுக்க விதிப்படி பார்த்தால் கேள்விக்குரிய பேரம்தான். பணம் இல்லாதவரின் நோய், பணம் இல்லாததாலேயே வரலாற்றில் பதிவானது.

1903-ல் அல்சைமர் ஃப்ராங்க்ஃபர்ட்டை விட்டுக் கிளம்பினார். அன்றைய ஐரோப்பாவின் பெரிய மனநல மருத்துவரான எமில் கிரேப்லினோடு வேலை செய்ய முதலில் ஹைடெல்பெர்க், பிறகு மியூனிக். மியூனிக்கில் ஆரம்பத்தில் அவருக்குச் சம்பளமே இல்லை. மனைவி விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலவு செய்தார். ஊர் மாறினாலும் ஆகஸ்டேவை மறக்கவில்லை, அவர் நிலை எப்படி இருக்கிறது என்று ஃப்ராங்க்ஃபர்ட்டில் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

1906 ஏப்ரல் 8-ல் ஆகஸ்டே இறந்தார். கடைசி நாட்களில் அவர் பேசவில்லை, படுக்கையில் சுருண்டு கிடந்தார். இயக்குநர் சியோலி மூளையையும் குறிப்புகளையும் மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார்.

கண்ணாடித் துண்டில் தெரிந்த இரண்டு தடயங்கள்

மூளை சுருங்கியிருந்தது. மெல்லிய சீவல்களில் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது அல்சைமருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, நரம்பு செல்களுக்கு வெளியே அங்கங்கே திட்டுத் திட்டாகப் படிந்த ஒரு பொருள். இரண்டாவது, செல்களுக்கு உள்ளே நூல் சிக்கு விழுந்த மாதிரி முறுக்கிக்கொண்ட இழைகள். தறி ஓட்டுகிறவர்கள் பாவு நூல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கலாம். சிக்கு விழுந்த இடத்தில் தறி நிற்கும். இங்கே செல்லே செத்துப்போயிருந்தது, சிக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

1906 நவம்பர் 3-ல் ட்யூபிங்கனில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். பேசி முடித்ததும் அரங்கில் ஒரு கேள்விகூட எழவில்லை. எல்லோரும் அடுத்த உரைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நூற்றாண்டின் முக்கியமான மருத்துவக் கண்டுபிடிப்புகளில் ஒன்று, இப்படிக் கவனிப்பாரில்லாமல் கடந்துபோனது.

1910-ல் கிரேப்லின் தன் பாடநூலின் புதிய பதிப்பில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். அல்சைமர் தானாகத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. அதே நேரத்தில் பிராக் நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற மருத்துவர், வயதான நோயாளிகளின் மூளையிலும் இதே திட்டுகளைக் கண்டு 1907-ல் எழுதினார். அவர் பெயர் இன்று பலருக்குத் தெரியாது.

சுருட்டை மறந்துவிட்டுப் போகும் ஆசிரியர்

மியூனிக்கில் அவரது ஆய்வுக்கூடத்துக்குப் பல நாட்டு இளம் மருத்துவர்கள் தேடி வந்தார்கள். அல்சைமர் ஒவ்வொரு மாணவரின் நுண்ணோக்கிப் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்குவார். கையில் எப்போதும் சுருட்டு இருக்கும். நுண்ணோக்கிக்குள் பார்க்கும்போது சுருட்டை மேஜையில் வைப்பார், அதை மறந்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்ப் புதிதாக ஒன்று பற்ற வைப்பார். நாள் முடியும்போது ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்று மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். லூயி பாடி டிமென்ஷியா என்று இன்னொரு மறதி நோயின் பெயரில் இருக்கும் ஃப்ரெடெரிக் லூயியும், குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாகோப் நோயின் பெயரில் இருக்கும் இருவரும்கூட அல்சைமரிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் வ்ராட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கும் ஊர் அது. பதவி ஏற்கப் போகும் ரயில் பயணத்திலேயே உடம்பு முடியாமல் போனது. அதிலிருந்து முழுசாக மீளவே இல்லை. இதயமும் சிறுநீரகமும் கெட்டு, 1915 டிசம்பர் 19-ல் இறந்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் மனைவி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இறக்கும்போது அவருக்கு வயது 51. ஆகஸ்டே அவர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது இருந்த அதே வயது.

பெயர் கிடைத்தது, நோயாளிகள் காணாமல் போனார்கள்

கிரேப்லின் பெயர் வைத்ததில் ஒரு சிக்கல் இருந்தது. அல்சைமர் நோய் என்றால் 65 வயதுக்கு முன்னால் வரும் அபூர்வமான நோய் என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்த வயசைத் தாண்டியவர்களுக்கு வருவது வெறும் முதுமைத் தளர்ச்சி என்று தள்ளிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அல்சைமரே 1911-ல் எழுதிய கட்டுரையில், இதை முதுமையில் வரும் மறதியிலிருந்து முழுசாகப் பிரிக்க வலுவான காரணம் இல்லை என்ற கருத்தைத்தான் சொன்னார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1960-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் வயதானவர்களின் மூளையை இறந்த பிறகு ஆராய்ந்தபோது அதே திட்டும் அதே சிக்கும் இருந்தன. 1976-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மேன் ஒரு தலையங்கம் எழுதி, இரண்டும் ஒரே நோய்தான் என்று வாதிட்டார். அப்போதுதான் உலகம் விழித்தது. அபூர்வம் என்று நினைத்த நோய், லட்சக்கணக்கான வீடுகளில் வயசு என்ற பெயரில் ஒளிந்திருந்தது.

இந்தியாவில் எவ்வளவு பேர்? 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவுக்குப் பல காரணங்கள் உண்டு, அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர்.

ரத்தத்தில் எப்படித் தெரிகிறது?

அல்சைமர் பார்த்த திட்டு, அமிலாய்டு என்ற புரதம். அது என்ன புரதம் என்பது 1984-ல்தான் தெரிந்தது. அவர் பார்த்த சிக்கு, டாவ் என்ற இன்னொரு புரதம்.

ரொம்ப காலம் வரை இவற்றை உறுதியாகப் பார்க்க ஒரே வழி, ஆள் இறந்த பிறகு மூளையைச் சீவிப் பார்ப்பது. அதன் பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் வந்தது. முதலாவது பலருக்குப் பயம். இரண்டாவது செலவு அதிகம், பெரிய நகரங்களில்தான் கிடைக்கும்.

இப்போது ரத்தம். மூளையில் அமிலாய்டு படிய ஆரம்பித்தால், டாவ் புரதத்தில் 217 என்ற இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட ஒரு வகை அதிகமாகி, அதில் மிக மிகச் சிறு அளவு ரத்தத்துக்கு வருகிறது. இதை பி-டாவ்217 என்கிறார்கள். இன்னொரு பக்கம், அமிலாய்டு 42 என்ற வகை மூளையில் சிக்கிக்கொள்வதால் ரத்தத்தில் குறைகிறது. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் மூளைக்குள் திட்டு இருக்க வாய்ப்பு உண்டா இல்லையா என்று சொல்லலாம்.

இப்படி வேலை செய்யும் முதல் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 மே 16-ல் அனுமதி கொடுத்தது. ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் சோதனை அது. 1850-ல் அதே மே 16-ல்தான் ஆகஸ்டே பிறந்தார். சரியாக 175 வருஷம்! தற்செயல்தான், ஆனா நெகிழ வைக்கும் தற்செயல்.

எவ்வளவு நம்பலாம்?

அனுமதிக்கு முன் 499 பேரின் ரத்த மாதிரிகளில் இதைச் சோதித்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேன் அல்லது முதுகுத் தண்டு நீர்ச் சோதனையிலும் திட்டு உறுதியானது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு அவற்றிலும் நெகட்டிவ். 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இரண்டும் இல்லாமல் நடுவில் வந்தது. அவர்களுக்கு மேல் சோதனை தேவை.

கேட்க நல்லா இருக்கு. ஆனா நாலு விஷயங்களைக் கவனிக்கணும்.

ஒன்று, இது சர்க்கரை டெஸ்ட் மாதிரி எல்லோரும் எடுக்கும் சோதனை இல்லை. 55 வயது அல்லது அதற்கு மேல் இருந்து, மறதி அறிகுறியோடு சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்குத்தான் அந்த அனுமதி. அறிகுறியே இல்லாதவர் பயத்தில் எடுக்கக் கூடாது. திட்டு இருந்தும் கடைசிவரை நல்ல நினைவோடு வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு.

இரண்டு, ரத்தச் சோதனை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. டாக்டர் பேசிப் பார்க்க வேண்டும், நினைவுத் திறனைச் சோதிக்க வேண்டும், வீட்டில் இருப்பவரிடம் கேட்க வேண்டும்.

மூன்று, சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு ரத்தத்தில் பி-டாவ் அளவு கூடுதலாகத் தெரியலாம். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும், அதனால் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் உள்ள நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்கு, இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு மக்களின் ரத்தத்தை வைத்து உருவானவை. நமக்கும் அப்படியே பொருந்துமா என்று பார்க்க இந்தியர்களின் தரவு வேண்டும்.

வேலூரும் கோலாரும் என்ன செய்தன?

இந்த இடத்தில் நம்ம பகுதி கதைக்குள் வருகிறது.

உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர், அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அந்த நாடுகளைப் பற்றி நடக்கவில்லை. இந்த அநியாயத்தைப் பெயரிலேயே வைத்து 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. இந்தியாவில் அதன் மக்கள்தொகை ஆய்வு நடந்த இரண்டு இடங்கள், சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும். வேலூர்ப் பகுதியை சி.எம்.சி. மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் சந்தித்த முதல் பிரச்சினையே வேடிக்கையானது. மேலைநாட்டு நினைவுச் சோதனையில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், எழுதச் சொல்வார்கள். வாழ்நாளில் பென்சிலே பிடிக்காத ஒரு பாட்டி அதில் தோற்றால், அது நோயா, பள்ளிக்கூடம் போகாததா? அதனால் படிப்பை அளக்காமல் நினைவை அளக்கும் கேள்விகளும், குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்விகளும் தேவைப்பட்டன. ஆகஸ்டேவிடம் அல்சைமர் செய்ததும் இதுதானே? உட்கார்ந்து கேட்டார், கணவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

ரத்தம் பற்றிய வேலை இன்னும் பக்கத்தில் நடக்கிறது. குடியாத்தத்திலிருந்து வடமேற்கே ஆந்திர எல்லையைத் தாண்டிப் போனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். அங்கே சீனிவாசபுரா கிராமங்களில், 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் திட்டத்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. நினைவுத் திறன், மூளை ஸ்கேன், ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற உணவு, நம்மைப் போன்ற உழைப்பு உள்ள மக்களின் கணக்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.

தெரிந்து என்ன பயன்?

இது நியாயமான கேள்வி. முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. லெகனெமாப், டோனனெமாப் என்ற மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளன. இவை அமிலாய்டைக் கரைத்து, நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு என்ற ஆபத்தும் உண்டு. விலையும் மிக அதிகம்.

ஆனால் சீக்கிரம் டாக்டரிடம் போவதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு. எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, கீழே விழுந்து மண்டைக்குள் உறைந்த ரத்தம் எல்லாமே மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பி12, தைராய்டு சோதனைகளுக்குப் பெரிய நகரம்கூடப் போக வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனை நிலையம் போதும். பேரெடுத்த புது டெஸ்ட்டுக்கு முன்னால் இந்தப் பழைய டெஸ்ட்டுகளைப் பார்ப்பதுதான் முறை.

அல்சைமர்தான் என்று தெரிந்தாலும், குடும்பம் தயாராக நேரம் கிடைக்கும். வீட்டுப் பத்திரம், பேங்க் கணக்கு, பென்ஷன் விஷயங்களை அவர் சுயநினைவோடு இருக்கும்போதே அவர் விருப்பப்படி முடிவு செய்யலாம். சட்டைப் பையில் போன் நம்பர் வைக்கலாம். முக்கியமாக, ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கிறவரை, திமிர் என்று நினைத்துத் திட்டுவது நிற்கும். ஆகஸ்டேவின் சந்தேகச் சண்டை நோயின் முதல் அறிகுறி என்று கார்லுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நமக்குத் தெரியும்.

தடுப்பதற்கும் வழி இருக்கிறது. உலகில் டிமென்ஷியா பாதிப்பில் சுமார் 45 சதவீதம், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொன்னது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காது கேட்கலை என்றால் கருவி வாங்கிக் கொடுப்பதும், கண்புரையை எடுத்துவிடுவதும் மூளைக்குச் செய்யும் உதவிதான்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடக்கும். சாவி எதற்கு என்றே மறந்தால் கவனிக்கணும்.

பழகிய வழி தெரியாமல் போவது, ஒரே கேள்வியைச் சில நிமிஷத்தில் திரும்பக் கேட்பது, வருஷக்கணக்கில் செய்த சமையலில், கணக்கில் திடீரென்று தடுமாறுவது, காரணமில்லாத சந்தேகம், பேசும்போது சாதாரண வார்த்தை கிடைக்காமல் திண்டாடுவது. இவை சில மாதங்களாகக் கூடிக்கொண்டே போனால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது அவரோடு வாழ்கிற ஒருவர் கூடவே போவது அவசியம். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அது ஸ்கேனுக்குச் சமம்.

தொலைந்து கிடைத்த கோப்பு

ஆகஸ்டேவைப் பற்றி அல்சைமர் எழுதிய குறிப்புகள் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்தன. 1995 டிசம்பரில் மனநல மருத்துவர் கோன்ராட் மௌரர் குழுவினர் ஃப்ராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஒரு நீலக் கோப்பைக் கண்டெடுத்தார்கள். 32 பக்கங்கள். அல்சைமரின் கையெழுத்து, முடிக்க முடியாமல் ஆகஸ்டே விட்ட தன் பெயர், எல்லாம் அதில் இருந்தன. அவரது மூளையின் கண்ணாடித் துண்டுகளும் பிறகு மியூனிக்கில் கிடைத்தன. இன்றைய முறையில் பார்த்தபோதும் அல்சைமர் சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த மனிதருக்கு எம்.ஆர்.ஐ. கிடையாது, பி-டாவ் கிடையாது. இருந்தது ஒரு நாற்காலியும், பேனாவும், வயசுதான் காரணம் என்று முடித்துக்கொள்ளாத மனசும். ரத்தப் பரிசோதனை அவர் இறந்த மூளையில் பார்த்ததை உயிரோடு இருக்கும்போதே காட்டும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனா அந்தச் சோதனை வரைக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக, வீட்டில் யாராவது ஒருத்தர் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர் வழி மறந்து நின்றால், வயசாயிடுச்சு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்க.